ஹோல்டு அட்டை ஒட்டிய மீன்தொட்டி

எங்கள் மீன்தொட்டி பத்து நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மா பத்து நாளாக அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குத் தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவள், தொட்டி வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் வழுக்கி விழப் பார்த்தேன். குனிந்து பார்த்தால் மேசைப் பலகை ஊறி அப்பளம்போல உப்பியிருந்தது. ஒரே நாளில் பலகை அப்படி உப்பாது. அம்மாவைக் கேட்டேன். தினமும் காலையில் ஒரு கை தண்ணீர்தான் நிற்கும், துடைத்தால் போச்சு என்றாள்.

"எத்தன நாளா?"

"ஒரு பத்து நாளு இருக்கும். இன்னா இப்ப?"

எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டாமா, என்னிடமாவது சொல்ல வேண்டாமா என்று கத்தினேன். அம்மா தரைத்துணியைப் பிழிந்துகொண்டே, சொன்னாலும் நீ கத்தத்தான் போகிறாய் என்றாள். அதில் தப்புச் சொல்ல முடியாது.

அம்மா பெயர் அருள்மேரி. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக ஹவுஸ்கீப்பிங். கான்ட்ராக்ட்தான். அங்கே ஏ.சி. ஒழுகினாலும் கூரை ஒழுகினாலும் அவள் செய்ய வேண்டியது, 'வழுக்கும்' என்ற மஞ்சள் பலகையை நிறுத்திவிட்டுத் துடைப்பது. அண்ணாந்து பார்த்து, 'சார், இங்கேயிருந்துதான் ஒழுகுது' என்று ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். உன்னை யார் கேட்டது என்று பதில் வந்தது. அதோடு அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். வீட்டிலும் விட்டுவிட்டாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

நான் பெனிட்டா. பி.எஸ்சி. வேதியியல். எங்கள் வம்சத்தில் கல்லூரிக்குள் போன முதல் ஆள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. போகிற இடமெல்லாம் யாராவது ஒருத்தர் இதை எனக்கு ஞாபகப்படுத்திவிடுகிறார்கள், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். வல்லம் பக்கம் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர், இன்னும் ட்ரெய்னி. அப்பா நான் ஒன்பதாவது படிக்கும்போது இறந்துவிட்டார். படப்பையில் ஒரு லைன் வீட்டில் நடு போர்ஷனில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.

முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்துத் தருகிறேன் என்றேன். யூனிஃபார்ம் போடுகிறவளுக்குச் சேலை எதற்கு என்றாள். பிறகு என்னதான் வேண்டும் என்று நச்சரித்ததில், அவள் கம்பெனி ரிசப்ஷனில் ஒரு பெரிய மீன்தொட்டி இருப்பதைச் சொன்னாள். அதன் கண்ணாடியைத் தினம் இரண்டு வேளை துடைப்பது அவள்தான். ஆனால் நின்று பார்க்கக் கூடாது. நின்றால், வேலை இல்லையா என்று கேட்பார்கள். மறைமலை நகரில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் இரண்டடி நீளத் தொட்டியை வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன.

மூன்று தங்கமீன், ஒரு சக்கர். அம்மா அவற்றுக்கு வைத்த பெயரெல்லாம் பதவிகள். தொப்பையோடு ஆரஞ்சு நிறத்தில் மிதப்பது மேனேஜர். வெள்ளை உடம்பில் சிவப்புப் பொட்டு வைத்தது எச்.ஆர். மேடம். காரணமே இல்லாமல் மற்ற இரண்டையும் துரத்துவது சூப்பர்வைசர். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் கறுப்புச் சக்கர் மீனுக்கு கான்ட்ராக்ட் என்று பெயர். "அது நம்மாளு" என்பாள். "மத்ததுங்க அசிங்கம் பண்ணும், இது தொடச்சிகினே கீது."

வேலைவிட்டு வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டியின் முன்னால் உட்காருவாள். அரை மணி நேரம் விசாரணை நடக்கும். மூன்றாவது மாடிக் கழிவறையில் தண்ணீர் வராததற்கு நானா மோட்டாரை நிறுத்தினேன் என்று மேனேஜரைக் கேட்பாள். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டு ஆறு மாதம் ஆகிறதே என்று எச்.ஆர். மேடத்திடம் இழுப்பாள். சூப்பர்வைசருக்கு விழும் வசவை இங்கே எழுத முடியாது. எல்லாம் முடிந்ததும் தீவனத்தைத் தூவிவிட்டு, முகம் கழுவி வந்தவள்போலச் சமைக்கப் போவாள். நானும் நாளெல்லாம் கோபத்தைச் சுமந்துகொண்டு வருகிறவள்தான். ஆனால் எனக்கு இரண்டடித் தொட்டி போதாது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்த மீன்கள் செத்தால் அம்மா அழ மாட்டாள். பேசுவதை நிறுத்திவிடுவாள். அப்பா போனபோது அதுதான் நடந்தது. எட்டு மாதம் வேண்டும், வேண்டாம், சாப்பிடு, இவ்வளவுதான் பேசினாள். எனக்கு இன்னொரு எட்டு மாதம் அப்படி வேண்டாம்.

ஆகவே ஞாயிறு மத்தியானமே மீன்களைத் துணி ஊறவைக்கும் நீல டப்புக்கு மாற்றினோம். காற்று பம்பின் குழாயை அதற்குள் விட்டோம். சக்கர் எகிறிக் குதிக்கும் என்பதால் மேலே வடிதட்டைக் கவிழ்த்தோம். தொட்டியைத் துடைத்துக் காயவைத்து, மறுபடி கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, டிஷ்யூ பேப்பரால் வெளிப்பக்க ஓரமெல்லாம் தடவிக்கொண்டே வந்தேன். இடது பின் மூலையில் பேப்பர் நனைந்தது. உள்ளே பூசியிருந்த சிலிக்கான் அந்த மூலையில் மஞ்சளாகி, நகத்தால் தொட்டால் நாடாபோல உரிந்தது.

திங்கள் சாயங்காலம் அம்மா தன் டிபன் பையிலிருந்து ஒரு பாதி சிலிக்கான் ட்யூபை எடுத்து, தங்கச் சங்கிலியை வைப்பதுபோல மேசைமேல் வைத்தாள். அவள் கம்பெனி பிளம்பர் சுப்பன் கொடுத்தாராம். வாஷ்பேசினைச் சுற்றிப் பூசுவது. கம்பெனி சாமான், எத்தனை வருடம் ஆனாலும் கறுக்காது, பூஞ்சை பிடிக்காது என்றாள். நான் ட்யூபைத் திருப்பிப் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். பூஞ்சை பிடிக்காததற்குக் காரணம் அதில் பூஞ்சையைக் கொல்லும் மருந்து கலந்திருக்கிறது. அந்த மருந்து தண்ணீரில் இறங்கினால் மீனையும் சும்மா விடாது. சொன்னேன். அம்மா ட்யூபை உடனே கையில் எடுத்து, டப்புக்கு எட்டாத தூரமாகக் கொண்டுபோய்க் குளியலறை மாடத்தில் வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி வந்தாள்.

நல்லவேளையாக நான் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியிலேயே ரிச்சர்ட் அண்ணன் கடைக்குப் போயிருந்தேன். படப்பை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மீனும் புறாவும் விற்கிறவர். மீன்தொட்டிக்கென்றே வரும் சிலிக்கானைக் கொடுத்து மூன்று விஷயம் சொன்னார். பழைய சிலிக்கான் மேல் புதுசு ஒட்டாது, ஒரு துணுக்கு விடாமல் சுரண்ட வேண்டும். ஆனால் கண்ணாடியையும் கண்ணாடியையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இடுக்கில் பிளேடை விடக் கூடாது, உள்பக்கப் பூச்சை மட்டும் எடுக்க வேண்டும். பூசிய பிறகு மூன்று நாள் தொடவே கூடாது.

சுரண்டும் வேலையை நான்தான் ஆரம்பித்தேன். அம்மா இரண்டு நிமிடம் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்து பிளேடை வாங்கிக்கொண்டாள். ஆயுத பூஜைக்கு ஒட்டும் கலர்க் காகிதத்தை வருடா வருடம் அவள் கம்பெனிக் கண்ணாடிக் கதவுகளிலிருந்து எடுப்பது அவள்தான். பிளேடைப் படுக்கவைத்து ஒரே இழுப்பு. பழைய சிலிக்கான் புழுமாதிரி சுருண்டு வந்தது. பிறகு நான் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஓரத்தில் டேப் ஒட்டி, ட்யூபின் மூக்கைச் சாய்வாக வெட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு மூலையிலும் அடியிலும் நிறுத்தாமல் இழுத்தேன். அம்மா மொபைல் வெளிச்சம் காட்டினாள். விரலால் நீவிவிட்டு டேப்பை உரித்தபோது கோடு கோடாக நன்றாகவே வந்திருந்தது. வினிகர் வாடை வீடு முழுக்கப் பரவியது. அம்மா மோந்து பார்த்து, ஊறுகாய் போட்ட வீடு மாதிரி இருக்கிறது என்றாள்.

நான் பையைத் திறந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தேன். எங்கள் கம்பெனியில் சந்தேகமான சரக்கின்மேல் ஒட்டுவது. ஹோல்டு அட்டை. அது இருக்கும்வரை அந்தப் பெட்டியை யாரும் நகர்த்தக் கூடாது. 'வியாழன் மாலை வரை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கண்ணாடியில் ஒட்டினேன்.

"வூட்டுக்கும் கொண்டாந்துட்டியா இத்த?" என்று அம்மா சிரித்தாள்.

அந்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட். அஞ்சு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவேன், மூன்றரைக்கு வீட்டுக்கு வருவேன். அம்மாவின் வேன் ஏழு பத்துக்கு. திரும்ப ஆறு ஆகிவிடும்.

புதன்கிழமை கம்பெனியில், காருக்குள் பொருத்தும் ரப்பர் புஷ் ஒரு லாட்டில் மயிரிழை விரிசல் பார்த்தேன். அட்டை ஒட்டினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் என் அட்டை குப்பைத்தொட்டியில் கிடந்தது, பெட்டிகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன். லோடு போவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். நான் விடவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "வீட்டுல நீதான் முதல் டிகிரியா? தெரியுது" என்றார். சுற்றி இருந்த நாலு பேர் சிரித்தார்கள். ஒருத்தருக்காவது அந்த விரிசலைப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

கதவைத் திறந்ததுமே தெரிந்தது. வினிகர் வாடை இல்லை. கண்ணாடி துடைக்கும் நீல லிக்விட் வாடை அடித்தது. தொட்டி பளபளவென்று, கண்ணாடி இருப்பதே தெரியாத மாதிரி இருந்தது. என் விரல் தடம், டேப் ஒட்டிய பிசின் எதையும் காணோம். உள்ளேயும் துடைத்திருந்தாள். துணி மாட்டி, வலது முன் மூலையில் இறுகாத சிலிக்கான் இழுபட்டு, ஒரு விரல் நீளத்துக்குப் பிய்ந்து தொங்கியது. ஹோல்டு அட்டையை எடுத்துத் துடைத்து, முன்னைவிட நேராக ஒட்டியிருந்தாள்.

அவள் வர இரண்டரை மணி நேரம் இருந்தது. அந்த இரண்டரை மணி நேரமும் நான் நாற்காலியில் உட்கார்ந்து கோபத்தைக் காய்ச்சிக்கொண்டே இருந்தேன். சூப்பர்வைசரின் முகமும் அந்தக் கண்ணாடியும் மாறி மாறித் தெரிந்தன. அம்மா உள்ளே வந்து பையை வைப்பதற்குள் ஆரம்பித்தேன். அட்டை எதற்கு ஒட்டியது, படிக்கத் தெரியாதா என்றேன்.

அம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"அது உங்க ஆளுங்களுக்குடி. எங்களுக்கு இல்ல. நாங்க ஹோல்டு ரேக்கயும் தொடைப்போம். தூசி இருந்தா எங்களத்தான கேப்பாங்க? கண்ணாடி பூரா கை ரேக. பாத்துகினு எப்டி வேனுக்குப் போறது?"

உண்மைதான். எங்கள் கம்பெனியிலும், அட்டை ஒட்டிய சரக்கை அடுக்கிவைக்கும் ஹோல்டு ரேக்கைத் துடைக்கிற அக்காக்களை யாரும் தடுப்பதில்லை. அவர்கள் தொடுவதைத் தொடுவதாகவே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அது அந்த நிமிடத்தில் தோன்றவில்லை.

"தொடைக்கிறதத் தவிர உனக்கு வேற இன்னா தெரியும்?" என்றேன்.

அம்மா பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவினாள். அரிசி களைந்தாள். அன்றைக்கு டப்புக்கு முன்னால் ஸ்டூல் போடவில்லை. தீவனத்தை நின்றபடியே தூவிவிட்டுப் போனாள். மேனேஜர் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு உள்ளே போனது.

வியாழக்கிழமை நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது, தொட்டியில் சிலிக்கான் ஒரு துணுக்குகூட இல்லை. காலையில் நான் போன பிறகு, அவள் வேன் வருவதற்குள், மொத்தத்தையும் சுரண்டி எடுத்திருந்தாள். நீல லிக்விட் வாடை போகும்வரை கழுவித் துடைத்திருந்தாள். பிளேடு காகிதத்தில் சுற்றி மேலே வைக்கப்பட்டிருந்தது, என் கை கீறிவிடாமல் இருக்க. நான் போய்ப் புது ட்யூப் வாங்கி வந்து மறுபடி பூசினேன். இந்த முறை வெளிச்சம் காட்ட ஆள் இல்லை. கோடு திங்கட்கிழமை அளவுக்கு வரவில்லை, ஆனால் விட்ட இடம் எதுவும் இல்லை. ஞாயிறு சாயங்காலம்தான் தண்ணீர் ஊற்ற முடியும். அதுவரை நாலு மீனும் அந்த டப்பில்.

டப்பில் தண்ணீர் கொஞ்சம், மீன்கள் பெரிசு. தினம் பாதித் தண்ணீரை மாற்றினோம். ஒரு வார்த்தை பேசாமல் ஆளுக்கொரு பக்கம் டப்பைப் பிடித்துச் சாய்த்து. வெள்ளிக்கிழமை எச்.ஆர். மேடம் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தாள். செவுள் வேக வேகமாக அடித்தது. அம்மா பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. என் வீட்டில் அந்த எட்டு மாதம் மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, லைனில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இன்றைக்குப் படப்பையில் கரண்ட் இல்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை பராமரிப்புப் பணி என்று முந்தாநாளே மெசேஜ் வந்திருந்தது. கரண்ட் இல்லை என்றால் பம்ப் ஓடாது. பம்ப் ஓடாவிட்டால் அந்தத் துளியூண்டு தண்ணீரில் மூன்று தங்கமீன் இரண்டு மணி நேரம் தாங்காது. சிலிக்கானைப் பற்றி ஒரு வாரமாகத் தேடித் தேடிப் படித்தவள், இதை யோசிக்கவில்லை.

அம்மாவுக்கு அந்த வாரம் சனிக்கிழமை லீவு. வீட்டில்தான் இருப்பாள். போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்று முறை செய்தேன். என்மேல் இருக்கிற கோபத்தில் எடுக்கவில்லை என்று நினைத்தேன். சீக்கிரம் போகப் பெர்மிஷன் கேட்டால் அந்த சூப்பர்வைசர் முகத்தில் விழிக்க வேண்டும், விழித்துக் கேட்டேன். இல்லை என்றார்.

மூன்றரைக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடினேன். வாசலில் பக்கத்து போர்ஷன் மாடத்தி அக்கா நின்றுகொண்டிருந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர், செல்போன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். பகலில் தூங்க வேண்டியவர்.

"ஏட்டி பெனி, உங்கம்மைக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? காலைல ஒம்பது மணிக்கு உக்காந்தவ இன்னும் எந்திரிக்கல. நான் செத்த நேரம் மாத்தி விடுதேன்னு சொல்லுதேன், தரமாட்டேங்கா. சோறும் திங்கல. நான்தான் ரெண்டு வாய் ஊட்டிவிட்டேன்."

உள்ளே ஃபேன் இல்லாமல் வெந்துகொண்டிருந்தது. அம்மா டப்புக்குப் பக்கத்தில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் குளியலறை மக். டப்பிலிருந்து மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து ஓரமாக ஊற்றினாள். தண்ணீர் விழுந்த இடத்தில் குமிழ் கிளம்பிப் பரவியது. மறுபடி மொண்டாள். வலது கை ஓய்ந்தால் இடது கை. நைட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. போன் சமையல் மேடையில் கிடந்தது.

மூன்று தங்கமீனும் குமிழுக்கு அடியில் கூட்டமாக நின்றன. எச்.ஆர். மேடம் இன்னும் சாய்ந்துதான் இருந்தாள், ஆனால் துடுப்பு அசைந்தது. சக்கர் டப்பின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறரை மணி நேரம்.

பக்கத்தில் உட்கார்ந்து மக்கைக் கேட்டேன்.

"நீ மேலேர்ந்து ஊத்துவ. அதுங்க மேல வுழும்."

ஓரமாகவே ஊற்றுகிறேன் என்றேன். தரவில்லை. ரிச்சர்ட் அண்ணன் கடையில் பேட்டரி பம்ப் தொங்குகிறது, கண்ணால் பார்த்தேன், வாங்கத் தோன்றவில்லை, கரண்ட் போகும் என்று யோசிக்கவே இல்லை என்றேன். அம்மா மொண்டாள், ஊற்றினாள்.

"உனக்கு மட்டும் எப்டிமா தோணுச்சு?"

"எனக்கு இன்னா தோணும். எனக்குத் தொடைக்கத்தான தெரியும்."

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மூன்று நாளாக வாயில் வைத்திருந்ததைக் கீழே வைத்த மாதிரி சொன்னாள். நான் சொன்னது தப்பு என்றேன். ம் என்றாள்.

"எங்க சூப்பர்வைசரு கத்துவான்டி" என்றாள் பிறகு. "கெட்ட வார்த்தகூட சொல்லுவான். ஆனா இத்த அவன் சொன்னதில்ல. இத்த சொல்றதுக்குப் படிச்சிருக்கணும் போல."

எனக்கு அழுகை சீக்கிரம் வராது. வந்தது. துடைத்துக்கொண்டு, புதன்கிழமை நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். விரிசல், குப்பைத்தொட்டியில் கிடந்த அட்டை, முதல் டிகிரியா என்று கேட்டது, சிரித்த நாலு பேர், எல்லாவற்றையும். அம்மா கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்ப அவனுக்குச் சொல்ல வேண்டியத எனக்குச் சொல்லிட்ட."

"ஆமா."

"அவனாண்ட சொல்ல முடியாதுல்ல?"

"சொன்னேன். சிரிச்சானுங்க."

அம்மா முதல்முறையாகக் கையை நிறுத்தினாள். மக்கை என்னிடம் நீட்டினாள்.

"அதுக்குத்தான் இவரு கீறாரு" என்று மேனேஜரைக் காட்டினாள். "இவராண்ட சொல்லு. சொல்லிகினே ஊத்து. ஓரமா."

எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்துமூன்று வயதில், அவள் முன்னால், ஒரு தங்கமீனைப் பார்த்து, வாசலில் மாடத்தி அக்கா வேறு. ஆனால் மக்கைத் தூக்கியதும் வார்த்தை தானாக வந்தது. அந்த லாட்டின் நம்பரிலிருந்து ஆரம்பித்தேன். எந்தப் பெட்டியில் எத்தனை விரிசல் என்று சொன்னேன். உன் பிள்ளை அந்தக் காரில் போனால் ஏற்றிவிடுவாயா என்று கேட்டேன். முதல் டிகிரி என்றால் உனக்கு என்ன இளக்காரம், நீ ஏழாவது டிகிரியா என்று கேட்டேன். மேனேஜர் வாயைத் திறந்து மூடியது. அம்மா, பார், வாயைத் திறக்கிறார், பதில் வராது என்றாள். மாடத்தி அக்கா வாசலிலிருந்து, அந்தப் பொட்டு வைத்தவளையும் ரெண்டு கேளு என்றார்.

அம்மா அங்கேயே என் முதுகில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் தலை கனத்தது. தூங்கிவிட்டாள். அஞ்சு மணி தாண்டி ஏழு நிமிடத்தில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது, பம்ப் உறுமியது. நான் மக்கைக் கீழே வைத்தேன். அவளை எழுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை. நான் தொட்டியை இரண்டு முறை நல்ல தண்ணீரால் அலசி வைத்தேன். மூக்கை உள்ளே விட்டு மோந்தேன். எந்த வாடையும் இல்லை. சாயங்காலம் அவள் வந்ததும் இருவரும் குடம் குடமாக நிரப்பினோம். அடியில் செய்தித்தாள் விரித்தோம். அம்மா படுக்கப் போகும்வரை பத்து தடவை குனிந்து குனிந்து பார்த்தாள். நனைந்தால் துடைக்காதே, என்னைக் கூப்பிடு என்றேன். சரி என்றாள்.

திங்கட்கிழமை காலை செய்தித்தாள் மொடமொடவென்று இருந்தது. எனக்கு அந்த வாரம் மதிய ஷிஃப்ட் என்பதால் வீட்டில் இருந்தேன். ஆறே முக்காலுக்கு மீன்களை மாற்ற ஆரம்பித்தோம். அம்மா யூனிஃபார்ம் போட்டுத் தலைக்கு வலையும் மாட்டித் தயாராக இருந்தாள். வலைக்கரண்டி வேண்டாம், பயந்துவிடும் என்று மக்கில் அள்ளி ஒவ்வொன்றாக இறக்கினாள். மேனேஜர் நேராக நடுவில் போய் நின்றது. சூப்பர்வைசர் இறங்கிய வேகத்தில் அதைத் துரத்தியது. எச்.ஆர். மேடம் அடியில் போய்ச் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, ஒரு சுற்று சுற்றி வந்தாள். அம்மா மூச்சு விட்டாள்.

மிச்சம் சக்கர். அது டப்பின் சுவரைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. மக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால் இன்னும் இறுக ஒட்டிக்கொண்டது. நான் விரலால் நெம்பப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். இழுத்தால் வாய் பிய்ந்துவிடும், அதற்கே விட மனசு வர வேண்டும் என்றாள்.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தண்ணீருக்குள் உள்ளங்கையை விரித்து, மீனுக்கு அடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். ஹாரன் இரண்டாவது முறை அடித்தது. டெங்கு வந்தபோது மூன்று நாள் படுத்தாளே தவிர, பதினோரு வருடத்தில் அவள் அந்த வேனை ஒருநாளும் நிற்க வைத்ததில்லை, விட்டதும் இல்லை.

"நீ போய் டிரைவராண்ட சொல்லிடு" என்றாள், தலையைத் தூக்காமல்.

"இன்னான்னு?"

"அருள்மேரி வரலன்னு. வேற ஒண்ணும் சொல்லாத."

ஓடிப்போய்ச் சொன்னேன். உடம்பு சரியில்லையா என்று டிரைவர் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். ஜன்னலோரம் இருந்த இரண்டு மூன்று அக்காக்கள் எட்டிப் பார்த்தார்கள். வேன் திரும்பி ஒரகடம் ரோட்டில் ஏறியது.

நான் திரும்பி வந்தபோது அம்மா அதே இடத்தில், அதே மாதிரி கையை விரித்துக்கொண்டு இருந்தாள். தலை வலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். சக்கர் சுவரிலிருந்து ஒரு விரற்கடை கீழே நகர்ந்திருந்தது.